சின்ன டிராக்டருக்கு டிப்பர் டிரெய்லர்: தென்னேரியிலிருந்து ஓரிக்கை வரை ஒரு நாள்

காஞ்சிபுரம் போய்வந்தேன் என்றாலே எந்தக் கோயில், எத்தனை புடவை என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, என் அக்கா வீட்டுக்காரரோடு டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து, டிப்பர் டிரெய்லர் வாங்கப் போனேன். சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் எந்த டிரெய்லர் வாங்குவது என்று இணையத்தில் தேடினால் தமிழில் ஒரு வரி கிடைக்காது. பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் இந்தப் பதிவு. இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனமும் வரும். அதை மறைத்துவிட்டு எழுதினால் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை.

அக்கா வசந்தாவும் மாமா தனசேகரும் தென்னேரிப் பக்கம் விவசாயம் செய்கிறார்கள். மாமா ஆவணியில் இருபத்திரண்டு குதிரைசக்தி டிராக்டர் ஒன்று வாங்கினார். டிரெய்லர் மட்டும் இரவல். கார்த்திகையில் யாரிடமோ நாலு டன் டிரெய்லரைக் கேட்டு வாங்கி, ஏரி வண்டலை நிரப்பிக் கரை ஏறியிருக்கிறார். பாதி ஏற்றத்தில் முன் சக்கரம் இரண்டும் ஓர் அடி அந்தரத்தில் தூக்கிவிட்டது. மாமா குதித்துவிட்டார். எஞ்சின் தானாக அணைந்து வண்டி கீழே உட்கார்ந்ததால் பிழைத்தார். அக்கா கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டலை மண்வெட்டியால் வாரி இறக்கி இறக்கி மாமாவின் இடுப்பும் போயிருந்தது. பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தானே கொட்டிக்கொள்ளும் டிப்பர்தான் வேண்டும் என்று முடிவானது. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"உங்க மாமா பெருசா எதையாவது இழுத்துக்கினு வந்துடுவாருடா. நீ கூடப் போ. சின்னதா பாத்து வாங்கிக் குடு. ஆளை முழுசா கூட்டிக்கினு வா."

நான் தாம்பரத்தில் தண்ணீர் பம்ப் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். பம்ப் தெரிந்தவனுக்கு ஹைட்ராலிக்கும் தெரியும் என்பது அக்காவின் நம்பிக்கை. எனக்கே அந்த நம்பிக்கை கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதன் மாலை தாம்பரத்தில் பஸ் ஏறினேன். படப்பை வழியாக வாலாஜாபாத் ஒன்றரை மணி நேரம், டிக்கெட் பதினாலு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய். வியாழன் காலை ஆறு ஐம்பதுக்கு டிராக்டரில் கிளம்பினோம். சுமார் இருபத்திநாலு கிலோமீட்டர். பின்னால் எதுவும் இல்லாமல் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. மட்கார்டில் உட்கார்ந்து போவது தப்பு, ஆபத்து, உடம்புக்கும் ஆகாது. கூடப் போகிறவர்கள் தயவுசெய்து பஸ்ஸில் போங்கள்.

வாலாஜாபாத்தில் அரிசி மில் லாரிகளுக்கு நடுவே டீ குடித்தபோதே சண்டை தொடங்கிவிட்டது. "ஒன்றரை டன்னு வாங்கினா ஒரு ஏக்கருக்கு எரு அடிக்க எத்தினி நடை போவணும் தெரியுமா மச்சான்? டீசல் யாரு போடறது?" என்றார் மாமா. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் ஏரிக்கரையை ஞாபகப்படுத்தினேன். "அது வண்டலு. ஈரம். கணக்கு தப்பிடுச்சி," என்று கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்கு வந்த சுற்றுலா பஸ்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. முகூர்த்த சீசன் வேறு. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரு புடவை புரோக்கர் பக்கத்திலேயே ஓடிவந்தார். "சார், தறியிலேர்ந்து நேரா எடுக்கலாம், வாங்க சார்!" டிராக்டரில் வருகிறவனைக்கூட விடமாட்டார்கள். "எங்களுக்குப் பெட்டி தாம்பா வேணும்," என்றார் மாமா, டிரெய்லர் பெட்டியை நினைத்து. "அஞ்சு புடவை எடுத்தா பெட்டியும் தரோம் சார்!" என்றார் அவர். காலையிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

முதல் பட்டறை செவிலிமேட்டில். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதிகம் பேசாத ஒரு வெல்டர் அதன் முதலாளி. ஒன்றரை டன், இரண்டு சக்கரம், பெட்டி ஏழு அடி நீளம், நாலரை அடி அகலம். விலை அறுபத்திரண்டாயிரம். நாங்கள் கேட்பதற்கு முன்பே எங்கள் டிராக்டரில் மாட்டி, இருபத்தைந்து மணல் மூட்டையை ஏற்றி, தூக்கிக் காட்டினார். இருபத்திரண்டு வினாடியில் முழுசாக எழுந்து நின்றது. எழுந்ததும், தவறிக் கீழே இறங்கிவிடாதபடி ஓர் இரும்புக் கம்பியைப் பெட்டிக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பக்கத்திலேயே போனார். எனக்குத் திருப்தி. மாமா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல ஆட்டுக்குட்டி ஏத்தலாம்," என்றார். அந்த மனிதர் கோபப்படவில்லை. மூட்டைகளை இறக்கப் போய்விட்டார்.

இரண்டாவது, ஓரிக்கைப் பக்கம். பெயர் வேண்டாம். பதினொன்று பத்துக்குப் போனோம். பெரிய கொட்டகை. மூன்று டன் டிரெய்லர், பெட்டி ஒன்பது அடி, பச்சை பெயின்டு, பின் கதவில் இரண்டு தாமரை. எண்பத்தோராயிரம். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. "இருபத்திரண்டு எச்பி தானே, தாராளமா இழுக்கும்பா," என்றார் முதலாளி. அங்கே நின்றிருந்த பட்டறையின் சொந்த டிராக்டரில் மாட்டி, காலிப் பெட்டியைச் சரசரவென்று தூக்கி இறக்கினார். மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. ஒன்றரை மணிக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க வண்டியில மாட்டுங்க. லோடு போட்டுத் தூக்குங்க," என்றேன்.

"தூக்கினத பாத்தீங்களே சார், இன்னும் இன்னா?" என்றார் முதலாளி. நான் பிடிவாதமாக நின்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கடைசியில் வேண்டாவெறுப்பாக மாட்டினார்கள். இரண்டு ஆட்கள் ஜல்லியை வாரிப் போட்டார்கள். குத்துமதிப்பாக ஒன்றரை டன் இருக்கும். அதற்கே பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது.

லீவரைப் போட்டதும் பெட்டி எழுந்தது. எஞ்சின் முக்கியது. பெட்டி பாதிவரை வந்து நின்றுவிட்டது. எவ்வளவு ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் அதற்குமேல் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் கணக்குப்படி, பெட்டியைத் தூக்கும் அந்தப் பெரிய ஜாக்கி முழுதாக நீள ஒன்பது லிட்டர் ஆயில் கேட்கும். எங்கள் டிராக்டர் வெளியே கொடுக்கக்கூடியது ஐந்தரை லிட்டர்தான். டிராக்டர் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"ஓஸுல காத்து மாட்டிக்கினு இருக்குது. எடுத்துவுட்டா சரியாயிடும்," என்றார் முதலாளி. பட்டறையில் வேலை செய்யும் பிட்டரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் ஆயில் பற்றாது என்றேன். அவர் காற்று என்றார். மாமா நடுவில் புகுந்து, "அவரு தெனம் இதே வேலையா இருக்காரு மச்சான். நீ சும்மா இரு," என்றார். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ஜாக்கி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து, அதை எல்லார் முன்னாலும் சொல்லி அவர் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது. பையிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு, சக்கரத்துப் பக்கமாகக் குனிந்து, தூக்கி நின்ற பெட்டிக்கு அடியில் தலையையும் தோளையும் விட்டேன். முட்டு இல்லை. முட்டு எங்கே என்று நான் கேட்கவும் இல்லை. முன்பக்கம் உட்கார்ந்திருந்த பிட்டருக்கு நான் உள்ளே போனது தெரியாது. அவன் காற்றெடுக்க ஆயில் ஓஸின் நட்டைத் தளர்த்தினான். பெட்டியைத் தாங்கி நின்றதே அந்த ஆயில்தான்.

என் இடுப்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது தெரியும். தரையில் உரசிக்கொண்டு வெளியே வந்து விழுந்ததும், ஒன்றரை டன் ஜல்லியோடு பெட்டி சட்டத்தில் மோதிய சத்தம் கேட்டது. டேப் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பிறகு எடுத்துப் பார்த்தபோது அதன் தகர டப்பா அப்பளமாகியிருந்தது. அது கிடந்த இடத்தில்தான் என் தலை இருந்தது.

இழுத்தது மாமா. நட்டிலிருந்து ஆயில் பீய்ச்சியதைப் பார்த்திருக்கிறார், என் காலையும் பார்த்திருக்கிறார். எழுபத்தெட்டு கிலோ இருக்கும் என்னை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. முகமெல்லாம் வேர்வை.

பிட்டர் ஓடிவந்து, "நான் பாக்கலண்ணா, சத்தியமா பாக்கல," என்றான். முதலாளி அவனை அடிக்கக் கை ஓங்கினார். "அவரு மேல தப்பில்ல, நான்தான் போனேன்," என்றேன். யாரோ சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொண்டுவந்தார்கள். அதை வாங்கி மாமாவிடம் கொடுத்தேன். ராகுகாலம் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து மாமா என் தோளைப் பிடித்து எழுந்தார். "அந்த மொதப் பட்டறைக்கே போலாம்."

"பெருசு வேணாமா மாமா?"

"இன்னாத்துக்கு? கொட்டும்போது பாதியில நின்னா நான்தான் தெனமும் உள்ள தலைய வுட்டுப் பாப்பேன். இன்னிக்கு நீ வுட்டே."

செவிலிமேட்டில் மூன்று மணிவரை காத்திருந்து அட்வான்ஸ் கொடுத்தோம். அந்த விஷயத்தில் மட்டும் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு டிரெய்லரோடு கிளம்பினோம். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. அந்த இடுப்போடு அவரே ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடித் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திரும்பி வர இரண்டே முக்கால் மணி நேரம்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உங்கள் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போங்கள். பட்டறை வண்டியில் தூக்கிக் காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. ஜாக்கிக்கு எத்தனை லிட்டர் ஆயில் வேண்டும், உங்கள் டிராக்டர் எத்தனை கொடுக்கும் என்பதை முதலில் கேளுங்கள், எத்தனை டன் என்பதை அப்புறம் கேளுங்கள். இருபதிலிருந்து இருபத்தைந்து குதிரைசக்திக்கு ஒன்றரை டன் போதும். கூட்டினால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும், இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். நிரப்பிய பிறகு டிரெய்லரை மாட்டும் கொக்கி டிராக்டரை ரொம்பவும் கீழே அழுத்துகிறதா என்று பாருங்கள். லோடு போட்டுத் தூக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். வீட்டு வாசல் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். எங்களுக்கு டீசல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வழிச்செலவு நானூற்றுப் பத்து ரூபாய் ஆனது. இரும்பு முட்டு இல்லாமல் டிரெய்லர் கொடுத்தால் வாங்காதீர்கள். முட்டுக் கொடுக்காத பெட்டிக்கு அடியில் விரலைக்கூட விடாதீர்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தென்னேரி திரும்பும் முனையில் மாமா வண்டியை மெதுவாக்கினார். "உங்க அக்காகிட்ட சொல்லாத. டிராக்டரையே வித்துடச் சொல்லுவா."

அக்கா டிரெய்லரைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தாள். சின்னதாக இருந்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சோறு போட்டுக்கொண்டே, "நல்லவேள உன்ன அனுப்பினேன்டா," என்று மூன்று முறை சொன்னாள். மாமாவால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு தட்டை மடியில் வைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, வண்டி ஓட்டியதில் பிடித்துக்கொண்டது என்றார். அக்கா அதையே பிடித்துக்கொண்டு திட்டினாள். "ஒரு நாளு ஒழுங்கா இருக்க முடியாதா உன்னால? மெதுவா ஓட்டினா இன்னா? அவனும் தானே வந்தான், அவனுக்கு ஏதாவது ஆச்சா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அக்கா, பெட்டிக்கு அடியில போனவன் நான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பைப் பற்றியும் சொன்னேன்.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்த் தைலத்தை எடுத்துவந்து மாமாவின் பின்னால் உட்கார்ந்தாள். சட்டையைத் தூக்கிவிட்டு இடுப்பில் தேய்க்க ஆரம்பித்தாள். ஏரிக்கரையில் நடந்த அன்றிலிருந்து அவரிடம் அவள் திட்டாமல் பேசி நான் கேட்டதே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லமா," என்றார் மாமா. அவரால் அப்போது கையிலிருந்த தட்டைக்கூடத் தரையில் வைக்க முடியவில்லை. நான் வாங்கி வைத்தேன்.