பல்லக் காட்டாத

"…பல்லக் காட்டாத புள்ள, மொதல்ல வாய மூடு" என்று அத்தையின் குரல் பின்னாலிருந்து வந்தபோது, என் இடுப்பில் தம்பி இருந்தான். எதிரே, கை எட்டும் தூரத்தில், கூட்டத்துக்கே பெரிய ஆணான தாட்டான் குரங்கு நின்றது.

இலங்கையில், தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டப் போயிருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா அன்று பூட்டியிருந்ததால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப்புறம் ஒரு பலாமரம். காய்க்காத மாதங்களில் அதன் அடியில் நாங்கள் குதித்து விளையாடினாலும் குரங்குகள் ஏறெடுத்துப் பார்க்காது. பழுத்துவிட்டால் மரம் அவற்றுடையது. அத்தையும் ஏறத்தாழ அப்படித்தான். பழக்காலத்தில் மட்டும் பக்கத்துக் காம்பராக்காரியிடம் "அது எங்க மரம்" என்று கத்தியும் கையுமாக நிற்பாள்.

"கானத் தாண்டாத. குரங்கு வந்தா பல்லக் காட்டாத" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தால்கூட எனக்கு விழும் ஏச்சுத்தானே அது. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழுந்து வெடித்த பழத்தின் வாசம் இழுத்தது. தாண்டினேன். ஒரு துண்டைப் பிய்த்துத் தம்பி கையில் கொடுத்ததும் கிளை குலுங்கியது. இறங்கி வந்த தாட்டானைக் கண்டதும் என் கால் நகரவில்லை. தோட்டத்துத் துரை வந்தால் பெரியவர்கள் செய்வதையே நானும் செய்தேன். சிரித்தேன்.

சண்டைக்கு அழைத்ததாக எண்ணியோ என்னவோ, அது இன்னும் ஒரு எட்டு வைத்தது. வாய் பிளந்து கோரைப்பல் தெரிந்தது. மரமெங்கும் மற்றவை உறுமின. தம்பி அலற, அதன் கை அவன் காலை நோக்கி நீண்டது. அப்போதுதான் அத்தையின் குரல். வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை ஓடி வரவில்லை. கங்காணிக்கே தலை குனியாதவள், தரையைப் பார்த்தபடி கூனிக்கூனி வந்தாள். தம்பி கையிலிருந்ததைப் பிடுங்கி உருட்டிவிட்டு, "கன்ன ராசா, கன்ன" என்றாள். காட்டிலிருந்து வரும் குரங்குக்கு, 'தின்னு' என்பதைச் சிங்களத்தில் சொன்னால்தான் விளங்கும் என்பது அவள் கணக்கு. தம்பியை வாங்கிக்கொண்டு, என் பிடரியைப் பிடித்து, பின்பக்கமாகவே நடத்தினாள்.

நானே தாண்டக்கூடிய சின்னக் கான். விளிம்பு வரை வந்த குரங்கு அங்கேயே நின்றுவிட்டது. அதன் எல்லை அந்தக் கான்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அத்தைக்குப் பயந்துதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். ஏனென்றால், கானுக்கு இந்தப் பக்கம் கால் ஊன்றியதும் அத்தை நிமிர்ந்தாள். தம்பியை இறுக்கிக்கொண்டு, வெற்றிலைக்கறை படிந்த பற்கள் அத்தனையும் தெரிய, அதற்குப் பல்லைக் காட்டினாள்.