வெள்ளி ஓடாத இடம்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், விமானத்துக்கு ஒட்டுப்போடுகிறேன் என்பேன். அடக்கம்போலத் தொனிக்கும், அடக்கமில்லை. உயர்வலு எஃகுக் குழாய்மேல் விரல்நீளத் தாங்கி ஒன்றைப் பொருத்தி, எஃகு உருகாமல், வெள்ளிக் கலவைக் கம்பியை மட்டும் உருக்கி இடுக்குக்குள் ஓடவிட வேண்டும். சூடு கூடினால் எஃகு வலுவிழக்கும். அழுக்கிருந்தால் வெள்ளி ஓடாது. இவ்விரண்டையும் பற்றிப் பட்டறையில் ஆண்டுக்கணக்காகப் பிரசங்கம் செய்தவன் நான். கைக்கிரீம் பூசி வந்த பரிசோதகியைக்கூடக் கைகழுவ அனுப்பியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தேர்வு வந்தது. தேறாவிட்டால் சுடரைத் தொட முடியாது, பாகங்களைக் கழுவும் பிரிவுதான். அன்று காலை பிடோக்கில் உள்ள வீட்டிலிருந்து நேரே பட்டறைக்கு வராமல், சிராங்கூன் சாலைக் கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன். குழாயைக் கழுவித் துடைத்தேன். தாங்கியை வைப்பதற்குமுன் வழக்கப்படி தொட்டுக் கும்பிட வேண்டும். கையுறையோடு கும்பிடுவது மரியாதையில்லை என்று பட்டது. கழற்றினேன். தாங்கி உட்காரும் இடத்தையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரலில் திருநீறும் தலையெண்ணெயும் இருந்தன.

வெள்ளி அழகாகச் சுற்றி ஓடியது. ஓரிடத்தில் மட்டும் நின்றது. மறுபடி சூடுகாட்டினால் வெளியே மூடிக்கொள்ளும். ஆனால் எஃகு கெடும், விதியும் அனுமதிக்காது. சுடரை அணைத்தேன். நேர்மை என்று எழுத ஆசைதான். எப்படியும் துண்டை வெட்டிப் பார்ப்பார்கள் என்பதே காரணம்.

வெட்டிப் பார்த்தவள் அதே பரிசோதகி.

"அண்ணே, வெள்ளி ஓடாத எடம் வெரல் தடம் மாதிரியில்ல இருக்கு?"

சாமி கும்பிட்டதைச் சொன்னேன்.

"ஃபார்ம்ல காரணம் எழுதணும் லா. இதுக்கு கோட் நம்பர் இல்ல."

"அதர்ஸ்ல போடும்மா."

"போட்டா, இனிமே நடக்காம இருக்க என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க. சாமி கும்பிடமாட்டேன்னு எழுதவா?"

சான்றிதழுக்காக நாத்திகனாவதைப் பற்றி அரை நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் 'மேற்பரப்பைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை' என்று எழுதிவிட்டாள். சுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவனுக்கு இதைவிட நல்ல அடி கிடைத்திருக்காது.

தேறவில்லை. ஒரு மாதம் கழுவும் பிரிவு. முதல் நாளே, நான் கழுவிய துண்டுகளில் பாதி திரும்பி வந்தன; எல்லாவற்றிலும் 'சுத்தமில்லை' என்று அவளுடைய சிவப்புச் சீட்டு. மீண்டும் கழுவினேன்.

மறுதேர்வில் வெள்ளி கடைசிவரை ஓடியிருந்தது. அவள் கையெழுத்திட்டாள். அந்தச் சிவப்புச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.