மருமகள் வாய் திறந்த நாள்

என் பிள்ளையை அடக்கம் பண்ணின அன்றைக்கு நான் செஞ்சியில் இல்லை. கடல் தாண்டி, மலாவி தேசத்தில் ஒரு கிராமத்தில் இருந்தேன். பெற்றவள் ஒரு பிடி மண் போடவில்லை. ஆண்டவருடைய பிள்ளைகளே, இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இது பொய்ச் சாட்சியாகிவிடும்.

நானும் என் வீட்டுக்காரரும் வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். "டிவி பாக்கறதுக்கா கர்த்தர் உடம்புல பெலன் குடுத்திருக்கார்?" என்று அவர்தான் ஆரம்பித்தார். சபையார் ஜெபித்து அனுப்பினார்கள். அங்கே எங்கள் பிழைப்பு பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் அவர் அடிபம்பில் தண்ணீர் பிடித்து வருவார். ஆம்பளை குடம் தூக்குகிறதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குத் தையல். மத்தியானம் மக்காச்சோளக் களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த நமக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபம். எங்கள் ஒரே மகன் சாமுவேல் போன் பண்ணும்போதெல்லாம், "போதும்மா, வந்துடுங்க" என்பான். "அடுத்த வருஷம்டா" என்போம்.

போன தை மாதம் செஞ்சியிலிருந்து போதகர் போன் பண்ணினார். சாமுவேலுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

அங்கே அது மழைக்காலம். நாங்கள் இருந்த கிராமத்துப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. டவுனுக்கே வழியில்லை, அப்புறம் எங்கே விமானம் ஏறுவது? அடக்கத்தை யாரோ வீடியோ காலில் காட்டினார்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. நாலைந்து தலைகள் தெரிந்தன. சிக்னல் போய்விட்டது. அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நான் ஜெபிக்கவில்லை. "உம்ம வேலைக்குத்தானே வந்தோம்?" என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

அப்போது அந்த ஊர்ப் பெண்கள் வந்தார்கள். என்னிடம் தையல் படித்த எஸ்தர்தான் முதலில் வந்தாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பாய் விரித்து என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். விறகு கொண்டுவந்து வெளியே சமைத்தார்கள், என் பக்கத்திலேயே படுத்தார்கள். துக்க வீட்டுக்காரியைத் தனியாக விடுகிற வழக்கமே அவர்களுக்கு இல்லை. வெள்ளம் வடிந்து நாங்கள் புறப்படுகிறவரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

ஒரு வாரத்துக்கும் மேலாகிவிட்டது நாங்கள் செஞ்சி வந்து சேர. மருமகள் ஷீலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவளுடைய அம்மா அவலூர்பேட்டையிலிருந்து வந்து கூட இருந்தார். "இன்னா பண்றதுன்னே தெரியல சம்பந்தி. ஆஸ்பத்திரியிலர்ந்து வந்த நாளா ஒரு வார்த்த பேச மாட்டேங்குது" என்று அழுதார்.

துக்க வீட்டில் என்ன பேச வேண்டும் என்று எங்களுக்கா தெரியாது? வாத்தியார் வேலைக்கும் ஊழியத்துக்கும் வாய்தானே மூலதனம். தோளிலிருந்த பையை இறக்கக்கூட இல்லை, வேதத்தை எடுத்து வாசித்தேன். என் வீட்டுக்காரர் சத்தமாக, நீளமாக ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஷீலாவைக் காணோம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எங்கள் மேல் கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவளுக்கு நியாயம் உண்டு. ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. என் பிள்ளை கடைசியாக என்ன பேசினான்? ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் அவனோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். சமையல்கட்டில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவனைத் திருப்பித் தாரும் என்று கேட்க மாட்டேன். அவன் பேசின கடைசி வார்த்தையை இவள் வாயால் நான் கேட்க வேண்டும்." இதுதான் என் ஜெபம்.

எழுந்து வந்தபோது என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "மலாவியில அந்தப் பொம்பளைங்க உங்கிட்ட ஒரு வசனம்கூடச் சொல்லலியே. நாம மட்டும் இன்னாத்துக்கு இத்தினி பேசினோம்?" என்றார்.

ஷீலா கதவைத் திறந்ததும் நான் பாயை எடுத்துப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். மூட்டுவலியில் உயிர் போயிற்று. அவரோ வாசலில் நாற்காலி போட்டு, ஆறுதல் சொல்ல வருகிறவர்களையெல்லாம் "பேசாம உக்காருங்க" என்று வகுப்பறையில் அதட்டுகிற மாதிரி அதட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றது. நான் முந்தானையால் அவளுக்கு விசிறினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்கு போன் போடறேன்னுதான் சொன்னேன் அத்தே" என்றாள். "அவருதான் வேணாம்னாரு. அம்மாகிட்ட சொல்லாத, அவ்ளோ தூரத்துல இருக்காங்க, பயந்துடுவாங்க, சரியானதும் நானே பேசறேன்னாரு. அத்தோட பேச்சு நின்னுடுச்சு. நான் போட்டிருந்தா அவரு குரலையாவது கேட்டிருப்பீங்க. நான் போடலியே அத்தே. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உங்ககிட்ட பேசறது?"

அவளுக்கு எங்கள் மேல் கோபமே இல்லை. இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, என்னைப் பார்க்கப் பயந்துபோய் இருந்திருக்கிறாள். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் அவள் அம்மா பதறி ஓடி வந்தார்.

நாங்கள் மலாவிக்குத் திரும்பிப் போகவில்லை. ஷீலாவோடுதான் இருக்கிறோம். அவள் இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள், சில நாள் தூங்குகிறாள். எங்கள் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், நாங்கள் போகிறோம். ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டால்தான் பண்ணுகிறோம்.

நான் இன்னும் அழுகிறேன். துக்கத்தில் இருக்கிறவர்களே, பெரிதாக ஒன்றும் கேட்க வாய் வராவிட்டால் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள், அதற்கும் அவர் காது கொடுப்பார். உயிர் போகிற நேரத்திலும் என் பிள்ளை, அம்மா பயந்துவிடக் கூடாது என்றுதான் நினைத்திருக்கிறான். அதை எனக்குத் தெரியப்படுத்தின தேவனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?