சனாவுல்லா ஸ்டாண்டு பார்க்கிறார்

மலேசியாவில், கிள்ளானில் உள்ள அந்தப் பெரிய ஹார்டுவேர் கடையின் உறுப்பினர் அட்டை, சனாவுல்லாவைக் 'கட்டுமான ஒப்பந்தக்காரர்' என்கிறது. அவர் இதுவரை கட்டியவை சேலைப் பொட்டலங்கள் மட்டுமே. லிட்டில் இந்தியாவின் ஒரு துணிக்கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அட்டையை நிரப்பியது கடைப் பணியாளர் குரு. "ரெண்டு கட்டந்தான் இருக்கு அங்கிள். ஒன்னு ஹவுஸ்வைஃப், இன்னொன்னு கன்ட்ராக்டர். எதுல டிக் பண்றது?" யோசித்துச் சொல்கிறேன் என்றார் சனாவுல்லா. பின்னால் ஆட்கள் நின்றதால் குருவே முடிவு செய்துவிட்டார்.

அது ஏப்ரல் மாதம். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் மூன்றாம் வரிசையில் அவரைப் பார்க்கலாம். அறுக்கும்போது பலகை அசையாமல் கவ்விப் பிடித்துக்கொள்ளும் மடக்கு ஸ்டாண்டுகள் அங்கேதான் நிற்கின்றன. அவற்றின் தாடையில் ஒட்டியிருக்கும் ரப்பரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், பட்டா பாலியெஸ்டரா என்று பார்ப்பதைப் போல. மிதியை அழுத்தினால் கவ்வும் ஆரஞ்சு ஸ்டாண்டு, கனம். கையால் திருகும் நீலத்துக்குக் கனமில்லை, ஆனால் ஆடுகிறது. மூன்றாவது ஆடவில்லை. "பலகைல பல்லு பதியும்" என்று அதையும் ஒதுக்கிவிட்டார்.

"உங்களுக்கு எத்தன கட்டிங், அங்கிள்?" என்று ஒருமுறை குரு கேட்டார்.

"ஒன்னு."

"ஒன்னா? பிளைவூட்ட இங்க கொண்டாங்க. மெஷின்ல ரெண்டு நிமிஷம்லா."

"இல்ல தம்பி. இது நானே செய்யணும். வீட்டுக்காரிக்கு."

வீட்டுக்காரி சுலைகாவுக்கு நோன்பு மாதத்தில் பக்கவாதம் வந்தது. இப்போது சக்கர நாற்காலி. வாசலில் ஆறு இஞ்சிப் படி. பக்கத்து வீட்டு ஆண்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கிவிட வந்தார்கள். "நான் என்ன சோபாவா, ரெண்டு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு?" என்று அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரி போகிற நாளில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்வார். "படிக்கு நான் பலகைல சரிவு போட்டுத் தரேன்" என்று சனாவுல்லா சொன்னபோது, நோய் வந்த பிறகு முதல்முறையாகச் சுலைகா சிரித்தார்.

பிளைவூட் அந்த வாரமே வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்தது. அறுக்க வேண்டிய கோட்டையும் பென்சிலால் போட்டாயிற்று. கோடு நேராக அறுபட வேண்டும். அதற்குப் பலகை அசையக்கூடாது. அதற்கு ஸ்டாண்டு வேண்டும். இந்த நியாயத்தில் ஓட்டை கிடையாது. எட்டு மாதம் தாங்கியது.

கடையில் இருந்த காலத்தில், நாற்பது சேலையைப் பிரிக்கவிட்டு 'அப்புறம் வரேன்' என்று எழுந்து போகிறவர்களை அவருக்கு ஆகாது. "மொதல்ல தொட்டதத்தான் கடைசில வாங்குவாங்க. நடுவுல நம்ம முதுக ஒடிச்சிருவாங்க" என்பார். இப்போது அவரே குருவிடம் "அடுத்த வாரம் வரேன்" என்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் இது அவருக்கே உறைக்கும். ஆனால் அன்று அவர் விற்ற சேலை சாயம் போனால், போனது யார் வீட்டிலோ. இந்தப் பலகை கோணலாகி நாற்காலி சாய்ந்தால், விழப்போவது சுலைகா.

எதிர்வீட்டு இராஜம்மாவின் சமையலறையில்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சுலைகாவின் நாலு மணி டீ. நோய் வந்த பிறகு இராஜம்மாவே இங்கே வந்து போனார். தீபாவளிப் பலகாரமும் இந்த முறை தெருவைத் தாண்டி இங்கே வந்தது. அப்போதுதான் சொன்னார், காஜாங்கில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போவதாக.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உன் வீட்டுல வந்து டீ குடிக்கணும்" என்றார் சுலைகா.

"டிசம்பர் கடைசி ஞாயிறு லோரி வருதுக்கா. அதுக்குள்ள உங்க வீட்டு கன்ட்ராக்டர் முடிச்சிருவாரா?"

சுலைகா சிரிக்கவில்லை. "அவரு ஸ்டாண்டு பார்க்கிறாரு" என்றார்.

லோரி வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, வாங்கிவிடுவது என்றுதான் சனாவுல்லா போனார். குரு ஆரஞ்சு ஸ்டாண்டைப் பெட்டியில் போட்டு டேப்பும் ஒட்டிவிட்டார். நீலத்தைக் கடைசியாக ஒருமுறை விரித்துக் காட்டச் சொன்னார் சனாவுல்லா. வெறுங்கையோடு வீடு வந்து, "திங்கக்கெழம புது ஸ்டாக் வருதாம்" என்றார். சுலைகா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு காலை லோரி வந்தது. எதிர்வீட்டிலிருந்து கட்டில் போயிற்று, பீரோ போயிற்று. சனாவுல்லா இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே போட்டு, பிளைவூட்டை மேலே கிடத்தி, தானும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அறுத்தார். கோடு கடைசியில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கோணிற்று. சரிவு கோணவில்லை. நாற்பது நிமிஷம்.

சுலைகாவை இறக்கித் தெருவைத் தாண்டிக் கொண்டுபோன பிறகுதான், எதிர்வீட்டு வாசலிலும் அதே ஆறு இஞ்சிப் படி இருப்பதைப் பார்த்தார். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அதை அவர் நினைத்ததில்லை. திரும்பிப் போய்ப் பலகையைத் தூக்கி வந்தார். அவர் தள்ள, இராஜம்மா முன்னாலிருந்து இழுக்க, நாற்காலி ஏறியது. பலகை டைல்ஸ் மேல் ஒரு சாண் வழுக்கிப் பிறகு நின்றது.

கூடம் காலி. பேச்சு சுவரில் பட்டுத் திரும்பியது.

"அடுப்பு லோரில ஏறிருச்சுக்கா."

"பரவால்ல. சும்மா உட்கார்ந்திருப்போம்."

இராஜம்மா தரையில் உட்கார்ந்து, நாற்காலியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார். லோரிக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார்.

சனாவுல்லா உள்ளே போகவில்லை. பலகையின் கீழ்முனையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, சுலைகா வெளியே வரும்வரை வாசலில் நின்றார்.