பேர் வெட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அதை ஒரு நல்ல குணமாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் அடிக்கடி பள்ளிக்கு வராமல் போகிறார்கள், அவர்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கொடைக்கானல் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளைகளிடம் பேசிப் படிவத்தை நிரப்பி வருவது என் வேலை. படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். "நீ சொல்றது இந்த ரூமைத் தாண்டாது" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். ஏதாவது தப்பாகப் பட்டால், ஆய்வை நடத்தும் மேடத்திடம் மட்டும் சொல்லலாம்.

அந்தப் பெண் பள்ளங்கிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவள். தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லை. அன்றைக்கு என்னிடம் பேசுவதற்காக வகுப்புத் தோழி ஒருத்தி கூட்டி வந்திருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பேரு வெட்டிட்டாங்க மிஸ்" என்றாள். கண் நிறைந்து கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலி வேலை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளை, கேட்க ஆளில்லை என்று ரிஜிஸ்டரிலிருந்து பெயரை அடித்துவிட்டார்களா? மேடத்துக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். படிவத்தைக் கையில் பிடித்தபடி நேரே தலைமையாசிரியை அறைக்குள் போய், அவள் பெயரைச் சொல்லி, ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

அவர் வருகைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். அவள் பெயர் அப்படியே இருந்தது. பிறகு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அவள் உள்ளே வந்து முதலில் பார்த்தது என்னைத்தான். பிறகு என் கையிலிருந்த படிவத்தை. உன் பெயரை யார் வெட்டியது என்று தலைமையாசிரியை கேட்டார். கூடவே வந்த வகுப்பாசிரியை, இப்படிப் பள்ளிக்கூடத்து மேல் பழி போடலாமா என்று கேட்டார். அவள் படிவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பேசியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது, அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவள் அம்மாவுக்கு ஆள் போனது. கேரட் காட்டில் வேலையாக இருந்தவர், கையில் மண்ணோடு வந்து வாசலிலேயே நின்றார். அவருடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"ஐயோ, நான்தாங்க அப்பிடிச் சொன்னது. ரோட்டுல டூரிஸ்ட் வண்டி அடைச்சு பஸ் லேட்டுங்க. காலையில ஆப்சென்ட் போட்டுட்டாங்கன்னு அழுதுச்சு. அப்ப பேரு வெட்டிட்டாங்களான்னு கேட்டேன். எங்க வீட்டுப் பேச்சுங்க அது. தோட்டத்துல பெரட்டுக்குப் பிந்திப் போனா பேரு வெட்டிருவாங்க, அன்னைக்கு வேலை இல்லைன்னு திரும்பிற வேண்டியதுதான்."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. பஸ் பிந்திய நாளிலெல்லாம் அவள் கேட் வரை வந்து, பிரேயர் முடிந்த சத்தம் கேட்டு, திரும்பிப் போயிருக்கிறாள். போகப் போகக் கிளம்பவே பயம் வந்து நின்றுவிட்டாள்.

தலைமையாசிரியை நிம்மதியாகச் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பிந்தி வந்தாலும் உள்ளே வா, யாரும் திட்ட மாட்டார்கள் என்று அவளுக்குச் சொன்னார். எல்லோருக்கும் பாரம் இறங்கியது. அவள் மட்டும் அப்படியே நின்றாள்.

வெளியே அம்மா என்னைத் தனியாக ஓரங்கட்டினார். இந்தப் பேர் விஷயம் மட்டும் இல்லை என்றார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, பாத்ரூமுக்குள் போய் அழுகிறாள், கேட்டால் சொல்வதில்லை. "நீங்க படிச்சவங்க. நீங்க கேட்டா சொல்லும்ங்க. கொஞ்சம் வெரசாக் கேளுங்க" என்றார். நான் தலையாட்டினேன். நாலு எட்டுத் தள்ளி நின்று அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடத்திடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். வேறு ஆளை அனுப்புங்கள் என்றும் கேட்டேன். ஆள் இல்லை என்றார். மூன்று மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு நானேதான் போனேன். அதற்குள் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. தலைமையாசிரியை அதைப் பெருமையாகக் காட்டினார். அவள் வந்து உட்கார்ந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். நான் வழக்கமான வாக்கைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம் மிஸ். பேப்பரைக் குடுங்க, நானே போட்டுர்றேன்."

தூக்கம், பசி, அழுகை, பயம் என்று எல்லாக் கேள்விக்கும் யோசிக்காமல் 'நன்றாக இருக்கிறேன்' கட்டத்தில் டிக் அடித்தாள். பேனாவை மூடி, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.