ஒரு தாலாட்டின் மெட்டு

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடியவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். மைன்ஸில் வேலை. எப்போதும் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டுதான் பாடுவார்.

என் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று, தாமே கட்டிய தாலாட்டைப் பாடினார். குழந்தை தூங்கிவிட்டது. வந்தவர்கள் சொக்கிப்போயிருந்தார்கள். காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான், "இன்னாங்க மாப்ள, தொட்டில் போடற வூட்டுல ஒப்பாரி மெட்டுல பாடிகினு இருக்காரு?" என்றார்.

பாட்டு நின்றது. அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மா சாவு வூட்டுல கூலிக்குப் பாடுறவங்க சார். என்னை மடியில போட்டுகினு பாடுவாங்க. நான் தூங்குனதே இந்த மெட்டுலதான்."

என் மனைவி குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே போனாள். அது விழித்து வீறிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவர் படியிறங்கினார்.