ஆலங்குளம் சிமெண்டும் அணு உலையும்

நியூட்ரானை வைத்து மூலக்கூறு அதிர்வைப் படிக்கிறவனுக்கு, அது என்ன வேலை என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி ஆயுசு போய்விடும். இதில் மாட்டியவர்களுக்கு என் பாடு தெரியும். உலையிலிருந்து வரும் நியூட்ரான் ஒரு பொருளில் பட்டு வெளியே வரும்போது அதன் வேகம் மாறியிருக்கும். அதை அளந்தால் உள்ளே மூலக்கூறுகள் எப்படி ஆடுகின்றன என்று தெரியும். ராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த நான், சிமெண்ட் இறுகும்போது அதிலுள்ள தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்க்க, எண்பதுகளின் கடைசியில் பம்பாய் அணு உலைக்குப் போய்வந்தேன். டாக்டர் பட்டத்துக்கு அதுதான் வழி.

பெண் பார்க்கப் போன இடம்

மம்சாபுரத்தில் பெண் வீட்டில் எல்லாம் கூடிவந்த நேரத்தில் அணு உலை பற்றி உளறிவிட்டேன். பெண்ணின் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கதிரு பட்டா உடம்புக்கு ஆகாதே தம்பி" என்றார். கவசம், சுவர், பாதுகாப்பு என்று நான் அடுக்க அடுக்க அவர் முகம் இன்னும் இருண்டது. எழுந்துவிடலாமா என்று யோசித்தேன்.

பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். உள்ளிருந்தபடியே அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அப்பா, தெனமும் எக்ஸ்ரே ரூமுல நிக்கிற என்னைய அவிய வேண்டாம்னு சொல்லலையே!"

ரயிலடியில்

எங்கள் பக்கத்து ஆலங்குளம் ஆலையின் சிமெண்டை ஈரம் புகாத டப்பாக்களில் அடைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலுக்கு நின்றேன். ஒரு போலீஸ்காரர் பையைச் சோதித்தார். ஒரு டப்பாவின் மூடியில் கை வைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"திறக்காதீங்கய்யா, காத்து பட்டா கெட்டுரும். வெறும் சிமெண்டுதான், பம்பாய்க்குக் கொண்டு போறேன்."

ஆட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு அவரே பையைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், பம்பாயில சிமெண்டே கெடைக்கலையா?"

குல்கர்னி அம்மா

உலையில் எனக்கு ஒதுக்கிய நாட்கள் கொஞ்சம்தான். சிமெண்டில் தண்ணீர் கலந்து கருவியில் வைத்தேன், உலை நின்றுபோனது. திரும்ப ஓடியபோது என் முறை முடிந்திருந்தது. அடுத்த முறை குல்கர்னி அம்மாவுடையது. ஏதோ ஓர் உப்பை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வந்து நின்றார். தன் நாட்களை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்போது உங்கள் உப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் இந்தியில் சொன்னார்: "என் உப்பு எங்கேயும் போகாது, உங்கள் சிமெண்ட்தான் இறுகிக்கொண்டிருக்கிறது."

பட்டம் கிடைத்தது, ஆய்வேட்டில் மம்சாபுரத்து மனைவி, ரயிலடிப் போலீஸ்காரர், குல்கர்னி அம்மா என்று போன நன்றியுரை மட்டும் ரொம்ப நீளம் என்று ஆய்வு வழிகாட்டி வெட்டச் சொன்னார், நான் அவருக்கும் ஒரு வரி நன்றி சேர்த்து அப்படியே கொடுத்துவிட்டேன்.